அரிவாள் அணு நோய் உள்ள தம்பிக்குச் சிறுநீரில் புரதம்: ரத்த அழுத்தம் இல்லாதபோது எனலாப்ரில் எதற்கு?

கீழ்கோத்தகிரி அக்கா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கீழ்கோத்தகிரிக்குக் கீழே சரிவில் இருக்கும் ஓர் இருளர் ஊரைச் சேர்ந்தவர்கள். என் தம்பிக்கு 24 வயதாகிறது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் அணு நோய் அவனுக்கு இருப்பது சிறு வயதிலேயே தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் ஒற்றை மரபணு மட்டும்தான், அவனுக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டது. ஃபோலிக் அமில மாத்திரையும் ஹைட்ராக்சியூரியாவும் ஒழுங்காகச் சாப்பிடுகிறான். மார்கழி, தை மாதக் குளிரில் கை கால்களில் கடும் வலி வரும், மற்ற நாட்களில் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போய்விடுவான்.

போன வருடம் ஒரு முறை சிறுநீர் வலியில்லாமல் சிவப்பாகப் போய், இரண்டு மூன்று நாட்களில் தானாக நின்றுவிட்டது. அதை இப்போது மருத்துவரிடம் சொன்னபோதுதான் அவர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதப் பரிசோதனையில் 210 வந்தது. சில வாரங்கள் கழித்து மறுபடி பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 0.6 தான், அறிக்கையில் சரியான அளவு என்றே போட்டிருக்கிறது. ரத்த அழுத்தமும் 110/70 தான். இருந்தும் மருத்துவர் எனலாப்ரில் மாத்திரை 2.5 மில்லிகிராம் தினமும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். மருந்துக் கடையில் அதைப் பிரஷர் மாத்திரை என்று சொல்லிக் கொடுத்ததால், பிரஷர் இல்லாத பிள்ளைக்கு இதைக் கொடுக்க மாட்டேன் என்று அம்மா எடுத்து வைத்துவிட்டார்.

பிரஷரும் இல்லை, கிரியேட்டினினும் சரியாக இருக்கிறது என்றால் இந்த மாத்திரை உண்மையிலேயே தேவையா? இத்தனை வருடம் சாப்பிட்ட ஹைட்ராக்சியூரியாதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டதா? வலி வரும்போது பக்கத்து ஊரில் போட்டுக்கொள்ளும் ஊசியை இனிமேலும் போடலாமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் அம்மாவிடம் படித்துக் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர், கூடலூர்

அன்புத் தங்கைக்கு வணக்கம். உங்கள் அம்மாவின் பயம் நியாயமானது. பிரஷர் இல்லாதவருக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தால் மயங்கி விழுந்துவிடுவாரோ என்று எந்தத் தாய்க்கும் தோன்றும். ஆனால் மருத்துவர் அதைக் கொடுத்திருப்பது பிரஷருக்காக அல்ல, சிறுநீரில் கசிந்து போகும் புரதத்துக்காக. அது வேலை செய்யும் விதத்தைச் சிறுநீரக மருத்துவர் யாராவது இங்கே வந்து விளக்குவார் என்று நம்புகிறேன். நான் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊசி. உங்கள் பக்கத்தில் போடுவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்காகத்தான் இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரிவாள் அணு நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரில் புரதம் வரத் தொடங்கிய பிறகு அந்த ஊசியும், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் கூடவே கூடாது. வலி வந்தால் பாரசிட்டமால், வெதுவெதுப்பான ஒத்தடம், நிறையத் தண்ணீர், கம்பளிப் போர்வை, ஓய்வு என்று தொடங்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தாமதிக்காமல் இந்த நோயை அறிந்த மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், அங்கே டிரமடால், மார்ஃபின் வகை மருந்துகளை அளவோடு கொடுப்பார்கள். காய்ச்சலோ நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ கூட இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. எங்கள் பகுதியில் நான் கண்ட பெரிய கொடுமை இந்த ஊசிதான். ஊசி போட்டால் மறுநாள் கூலி போகாது என்பதற்காகவே பலர் போட்டுக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது தண்ணீர். இந்த நோயில் சிறுநீரகம் முதலில் இழப்பது தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும் திறனை. நாம் குறைவாகக் குடித்தால் நம் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகும், உடம்பில் தண்ணீர் மிஞ்சும். உங்கள் தம்பிக்கு அப்படி மிஞ்சாது, குடிக்காவிட்டாலும் வெளியே போய்க்கொண்டே இருக்கும், உடம்பு வற்றினால் வலி வரும். நம் மலைக் குளிரில் தாகமும் எடுப்பதில்லை. அதனால் தாகத்தை எதிர்பார்க்காமல் நேரம் வைத்துக் குடிக்கப் பழக்குங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் பலர் மலையில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தோட்டங்களில் குடிநீரும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அரிவாள் அணு நோய் பரவியிருக்கும் ஒரு மாவட்டத்தில் இது வசதி பற்றிய பேச்சு அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

குன்னூர் வாசகர்

கிரியேட்டினின் 0.6 என்றால் சிறுநீரகம் நன்றாகவே இருக்கிறது என்றுதான் பொருள். எனக்குத் தெரிந்தவர்களுக்கு 1.2 இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. வாழ்நாள் மாத்திரைக்குள் இந்த வயதிலேயே போக வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் இளநீரும் தொடர்ந்து கொடுத்துப் பாருங்கள், சிறுநீரகத்துக்கு நம் முன்னோர் கண்ட வழி அது.

சிறுநீரக மருத்துவர், கோவை

கீழ்கோத்தகிரிச் சகோதரிக்கு வணக்கம். கோத்தகிரி, கூடலூர் பகுதிகளிலிருந்து மலையிறங்கி வரும் அரிவாள் அணு நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. அவர்களில் பலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள் என்ற வருத்தத்தோடு இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

குன்னூர் நண்பர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும், இந்த நோயைப் பொறுத்தவரை கிரியேட்டினின் 0.6 என்பது ஆறுதல் தரும் எண் அல்ல. ரத்தம் குறைவாக இருப்பதை ஈடுகட்ட இதயம் அதிக ரத்தத்தை வேகமாகச் செலுத்துகிறது, அதனால் சிறு வயதில் இவர்களுடைய சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டுகின்றன. அதோடு சிறுநீரக நுண்குழாய்களும் கிரியேட்டினினைக் கூடுதலாக வெளியேற்றுகின்றன, தசையும் பெரும்பாலும் மெலிந்திருப்பதால் அது உற்பத்தியாவதும் குறைவு. இவை எல்லாம் சேர்ந்து ரத்தத்தில் அந்த எண்ணை இறக்கிக் காட்டுகின்றன. ஆகவே, மற்றவர்களில் சாதாரணமாகத் தோன்றும் 1.0 என்ற அளவுகூட, 0.5இலிருந்து ஏறி வந்திருந்தால், ஓர் அரிவாள் அணு நோயாளிக்குச் சிறுநீரகத் திறனில் பெரும்பகுதி போய்விட்டதைக் குறிக்கக்கூடும். வசதி உள்ள இடங்களில் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இதைவிட உண்மையைச் சொல்லும். அது இல்லாவிட்டாலும் சிறுநீரே நமக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. விகிதம் 30க்குக் கீழே இருக்க வேண்டும், 30 முதல் 300 வரை கசிவின் தொடக்கம், 300க்கு மேல் போனால் வடிகட்டிகள் தழும்பேறி வருகின்றன என்று கொள்ளலாம். உங்கள் தம்பியின் 210 அந்த நடு நிலையில் இருக்கிறது. சிகிச்சைக்குப் பலன் மிகுதியாகக் கிடைக்கும் காலம் இதுதான்.

சிறுநீரகம் இந்த நோயில் இவ்வளவு எளிதில் அடிபடுவதற்குக் காரணம் அதன் உட்பகுதியின் இயல்பிலேயே இருக்கிறது. அங்கே பிராணவாயு குறைவு, உப்பின் அடர்த்தி அதிகம், அமிலத்தன்மையும் உண்டு. சிவப்பணு அரிவாள் வடிவுக்கு மாறத் தேவையான மூன்று சூழல்களும் அந்த ஒரே இடத்தில் எப்போதும் இருக்கின்றன. வலி எதுவும் இல்லாத நாட்களிலும் அங்கே நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டுக்கொண்டிருக்கும். போன வருடம் சிவப்பாகப் போன சிறுநீர், அந்த உட்பகுதியின் முனைத் திசுக்கள் ரத்த ஓட்டமின்றிச் சிதைந்ததால் வந்திருக்கலாம். பெரும்பாலும் ஓய்விலும் தண்ணீரிலும் அது நின்றுவிடும். ஆயினும் ஒரு முறை ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும். கல், கிருமித்தொற்று இவற்றை விலக்குவதோடு, மிக அரிதாக இந்த மரபணு உள்ள இளம் வயதினருக்கு, குறிப்பாக ஒற்றை மரபணு மட்டும் உள்ளவர்களுக்கு, சிறுநீரக உட்பகுதியில் ஒருவகைப் புற்றுநோய் வருவதுண்டு. எனவே உங்களுக்கோ பெற்றோருக்கோ சிறுநீரில் ரத்தம் கண்டாலும் அலட்சியம் வேண்டாம்.

இனி எனலாப்ரில். வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயை அது தளர்த்துகிறது, அதனால் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தம் இறங்கிப் புரதக் கசிவு குறைகிறது. கையில் அளக்கும் ரத்த அழுத்தம் சரியாக இருப்பவர்களுக்கும் உள்ளே இந்த அழுத்தம் மிகுந்திருக்கும். 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்த பத்து அரிவாள் அணு நோயாளிகளுக்கு இரண்டு வாரம் எனலாப்ரில் கொடுத்தபோது கசிவு பாதிக்கும் மேலாகக் குறைந்தது, நிறுத்தியதும் மீண்டும் ஏறியது. அமெரிக்க ரத்தநோய் மருத்துவச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அல்புமின் கசியும் நோயாளிகளுக்கு இவ்வகை மருந்தையே பரிந்துரைக்கிறது. உங்கள் மருத்துவர் 2.5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் தொடங்கியிருப்பது, இந்நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் இயல்பாகவே குறைவாக இருக்கும் என்பதை அறிந்து செய்த காரியம். முதல் சில நாட்கள் இரவில் படுக்கும் முன் கொடுங்கள். வறட்டு இருமல் வந்து நிற்காவிட்டால் லோசார்ட்டான் என்ற மாற்று மருந்து உண்டு, சொல்லி மாற்றிக்கொள்ளலாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து உடம்பு வற்றும் நாட்களில் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். இதே மாத்திரை கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்பதால் வீட்டில் வேறு யாரும் எடுத்துச் சாப்பிட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்தைத் தொடங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். அரிவாள் அணு நோயில் பொட்டாசியத்தை வெளியேற்றும் திறனும் முன்பே தளர்ந்திருக்கும். அதனால்தான் வாழைத்தண்டுச் சாறையும் இளநீரையும் தொடர்ந்து கொடுப்பதை நான் உறுதியாக மறுக்கிறேன், இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீர்க் கல்லுக்குச் சொல்லப்பட்ட பக்குவத்தைப் புரதக் கசிவுக்கு எடுத்துப் போடுவது முன்னோர் சொன்ன வழியும் ஆகாது.

ஹைட்ராக்சியூரியா சிறுநீரகத்தைக் கெடுக்கவில்லை. கருவில் இருக்கும்போது நமக்கு இருந்த வகை ஹீமோகுளோபினை அது மீண்டும் கூட்டுகிறது, அந்த வகை மிகுந்தால் அணுக்கள் அரிவாளாக வளைவது குறையும். புரதக் கசிவு குறைவதற்கும் அது உதவுகிறது என்று சில ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அந்த மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், வடிகட்டும் திறன் 60க்குக் கீழே இறங்கினால் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளணுக்கள் சரிந்துவிடும். உங்கள் தம்பிக்கு இப்போது அந்தத் தேவை இல்லை, வழக்கமான ரத்த அணுப் பரிசோதனையைத் தொடர்ந்தால் போதும்.

டைக்ளோஃபெனாக் பற்றிச் செவிலியர் அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பாதிப்படைந்த சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைக் காத்துக்கொள்ள உடம்பே சுரக்கும் ஒருவகைப் பொருளை நம்பியிருக்கிறது, இந்த ஊசி அந்தச் சுரப்பையே தடுக்கிறது. எனலாப்ரிலும் அந்த ஊசியும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்த மரபணு முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் நீலகிரி ஒன்று, ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இங்குள்ள மக்களிடையே அதைக் கண்டு வெளியிட்டது 1952இல். நம் பழங்குடி மக்களிடம் இருப்பது அரேபிய–இந்திய வகை என்பதும், கருவில் இருக்கும் வகை ஹீமோகுளோபின் அவர்களிடம் இயல்பாகவே சற்று அதிகம் என்பதும் பின்னர் தெரிந்தன. அதை வைத்து, இங்கே இந்த நோய் லேசானது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே வேரூன்றிவிட்டது. லேசானது என்று சொல்லிச் சிறுநீரைப் பார்க்காமல் விட்டவர்களைத்தான் நான் டயாலிசிஸ் அறையில் சந்திக்கிறேன். பத்து வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை இந்த ஒரு பரிசோதனை எல்லா அரிவாள் அணு நோயாளிகளுக்கும் நடக்க வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய ஒழிப்பு இயக்கம் மரபணு யாருக்கு இருக்கிறது என்று தேடுவதில் முனைந்திருக்கிறது, நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களின் சிறுநீரகத்தையும் அதே முனைப்போடு பின்தொடர வேண்டும் என்பது என் விருப்பம்.

பந்தலூர் இல்லத்தரசி

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் கணவருக்கும் இதே நோய், வயது 41. பல வருடங்கள் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டார், சிறுநீரை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. வழக்கமாக எட்டு இருக்கும் ஹீமோகுளோபின் ஐந்துக்கு இறங்கி, மூச்சு வாங்கி, கால் வீங்கிய பிறகுதான் சிறுநீரகம் செயலிழந்தது தெரிந்தது. ரத்தத்தைச் சுரக்கச் செய்யும் ஊசி போடுகிறார்கள், ஆனால் ஹீமோகுளோபின் பத்துக்கு மேல் ஏறினால் ரத்தம் கெட்டிப்பட்டு வலி வரும் என்று அளந்து அளந்துதான் போடுகிறார்கள்.

முதலில் இயந்திர டயாலிசிஸ் செய்தோம். தண்ணீரை வேகமாக எடுத்த நாட்களில் இரவு முழுவதும் எலும்பு வலியில் துடிப்பார். மருத்துவரிடம் சொன்ன பிறகு மெதுவாக எடுத்தார்கள், ஓரளவு அடங்கியது. மலைப்பாதையில் வாரா வாரம் போய் வருவது முடியாமல், இப்போது வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸுக்கு மாறியிருக்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் கிடைக்கின்றன. கை கழுவுவதிலும் அறையைச் சுத்தமாக வைப்பதிலும் கொஞ்சம் கவனம் தவறினாலும் வயிற்றுக்குள் கிருமி போய்விடும் என்பதால் அந்த நேரத்தில் பிள்ளைகளைக்கூட உள்ளே விடுவதில்லை.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம், இந்த நோய் இருப்பது அதற்குத் தடை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய தம்பிக்கும் இதே நோய் என்பதால் அவர் கொடுக்க இயலாது. பல முறை ரத்தம் ஏற்றியதில் அயல் திசுவை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உருவாகியிருப்பதால் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதும் கடினமாம். எனவே மருத்துவர் கட்டாயம் என்று சொன்னாலொழிய ரத்தம் ஏற்றச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரிவாள் அணு நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது, தம்பிக்குச் சான்றிதழ் வாங்கவில்லை என்றால் விண்ணப்பித்து வையுங்கள். அம்மாவிடம் நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லி அந்த மாத்திரையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கீழ்கோத்தகிரி அக்கா

எல்லோருக்கும் நன்றி. பந்தலூர் சகோதரி எழுதியதைப் படித்துக் காட்டியபோது அம்மா அழுதுவிட்டார். மாத்திரையை எடுத்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டார், நேற்றிரவு முதல் சாப்பிடுகிறான். இன்னும் இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. என் சித்தி மகனுக்கு ஒன்பது வயது, அவனுக்கும் இதே நோய். இரவில் படுக்கையை நனைப்பதால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தியிருக்கிறார்கள், அது சரியா? தம்பிக்குப் பெண் பார்க்கும் பேச்சும் நடக்கிறது. சிறுநீரகத்தில் இப்படி இருக்கும்போது திருமணம் செய்யலாமா, பிள்ளைகளுக்கு வருமா?

ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர், கூடலூர்

சித்தியிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள், அந்தப் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தவே கூடாது. அவன் வேண்டுமென்று நனைக்கவில்லை, அவனுடைய சிறுநீரகம் இரவிலும் பகல்போலவே நீர்த்த சிறுநீரை நிறைய விடுகிறது. தண்ணீரை நிறுத்தினாலும் சிறுநீர் போகும், உடம்புதான் வற்றும், விடியற்காலையில் வலியோடு எழுவான். படுக்கும் முன்னும், நடு இரவில் ஒரு முறை எழுப்பியும் கழிக்கச் செய்யுங்கள், பாயின் மேல் ரப்பர் விரிப்பு போடுங்கள், திட்டாதீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் கிருமித்தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் பெரிதாகக் குறட்டை விட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

திருமணம் தாராளமாகச் செய்யலாம், ஆனால் பெண் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி, பெண்ணுக்கும் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்துவிட்டுச் செய்யுங்கள். அவரிடம் இந்த மரபணு இல்லையென்றால் பிறக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒற்றை மரபணு மட்டும் இருக்கும், நோய் வராது. அவரிடமும் ஒற்றை மரபணு இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள்ளேயே பேசும்போது இது முக்கியம்.

சிறுநீரக மருத்துவர், கோவை

செவிலியர் அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்யும் காலத்தில் ஹைட்ராக்சியூரியாவைத் தொடர்வது பற்றித் தம்பி மருத்துவரிடம் பேச வேண்டும், ஆண்களுக்கு அது விந்தணுக்களைக் குறைக்கக்கூடும். தானாக நிறுத்திவிட வேண்டாம்.

நேற்றிரவு மாத்திரை தொடங்கியிருப்பதால், ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஒரு முறை பாருங்கள். கிரியேட்டினின் சற்றே ஏறினால் பயந்து நிறுத்த வேண்டியதில்லை, 30 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதம் கழித்துச் சிறுநீர் விகிதத்தை மறுபடி பார்த்து, கசிவு குறையாவிட்டால் ரத்த அழுத்தம் இடம் கொடுக்கும் வரை மாத்திரை அளவைக் கூட்டுவார்கள். அதற்குக் காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரையே கொடுங்கள். வலியோ காய்ச்சலோ இருக்கும் வாரத்தில் எடுத்தால் எண் பொய்யாக ஏறிவிடும், அது தணிந்த பிறகு எடுங்கள்.